ஆற்றோரப் பானை வெளிச்சத்துக்கு வரட்டும்



நம் தோட்டங்களில் காய்ச்சி வடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இது யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. எந்த டிவிசனில், எந்த ஆற்றோரத்தில், எந்தப் பற்றைக்குள் பானை ஏறுகிறது என்று லயத்துச் சின்னப் பிள்ளையும் சொல்லும். பொலிஸுக்கும் தெரியும். இடைக்கிடை வந்து பீப்பாயைக் கவிழ்த்து, கோடாவை ஆற்றில் ஊற்றி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த கிழமை வேறு பீப்பாய் வந்துவிடும்.

சங்கப் பத்திரிகை கசிப்பைப் பற்றி எழுதினால் ‘குடிக்காதே, குடும்பத்தைக் கெடுக்காதே’ என்று நாலு வரியோடு முடிப்பது வழக்கம். அதைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் எழுதி வைத்தே பல வருடம் ஆகிவிட்டது. சுவரில் இருந்த எழுத்துத்தான் அழிந்தது. இந்த மாதம் பானையைப் பற்றியே எழுதுகிறோம்.

ஆற்றோரப் பானை எப்படிப்பட்டது? தார் இருந்த பீப்பாய், பெயின்ட் இருந்த வாளி, பழைய அலுமினிய அண்டா. ஆவியைக் குளிர்விக்க, கிடைத்த குழாய். சில இடங்களில் பழைய லொறி ரேடியேட்டர். ரேடியேட்டரின் ஒட்டுகள் ஈயப் பற்றால் ஆனவை. புளித்த கோடாவிலிருந்து வரும் ஆவியில் அமிலமும் இருக்கிறது. அது ஈயத்தைக் கரைத்துக்கொண்டு போத்தலுக்குள் இறங்கும். ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை. குடித்த அன்றைக்கு ஒன்றும் செய்யாது. எலும்பில் தங்கி, நரம்பையும் சிறுநீரகத்தையும் வருடக்கணக்கில் தின்னும். வயிற்றை முறுக்குகிறது, கை நடுங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அது ரேடியேட்டரிலிருந்து வந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. போதை கூட வேண்டும் என்று தொழிற்சாலை மெதனோலைக் கலந்துவிட்டால் வருடக்கணக்கெல்லாம் கிடையாது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது அப்படித்தான். அவர்களிலும் பெரும்பாலானோர் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள்.

ஆனாலும் காய்ச்சுகிறவரை மட்டும் ஏசிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. காய்ச்சுகிற வீடு எந்த வீடு என்று பாருங்கள். மாதத்தில் பன்னிரண்டு பேர், பதின்மூன்று பேர் மட்டும் கிடைக்கிற வீடு. புருசன் செத்த வீடு. காட்டுவேலை கொந்தரப்புக்குப் போய்விட்டதால் அரைப்பேருக்கு அல்லாடுகிற வீடு. 2021 இல் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா என்று நாள் சம்பளத்தை ஏற்ற எத்தனை நாள் தெருவில் நின்றோம்! நின்று வாங்கியதைத் தேங்காயும் மாவும் விழுங்கிவிட்டன. அந்த வீட்டுக்காரர் பற்றைக்குள் போவது ஆசைக்காக அல்ல.

ஆகவே சங்கம் ஒன்றைக் கேட்கிறது. அந்தக் கை ஏற்கெனவே பழகிய வேலையை வெளிச்சத்தில் செய்ய முடியுமா? நல்ல எவர்சில்வர் பானையில், கோடாவுக்குப் பதிலாக இலையைப் போட்டு, சாராயத்துக்குப் பதிலாக எண்ணெய் வடிக்க முடியுமா? முடியும் என்பதே எங்கள் எண்ணம். லேசாக முடியாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இலை நம்மைச் சுற்றியே இருக்கிறது. டர்பன்டைன் மரம் என்று நாம் சொல்லுகிற யூக்கலிப்டஸ் மரத்தைத் தெரியாத மலையகத்தான் இல்லை. எலுமிச்சைப் புல் வீட்டுப் பின்பக்கம் வளர்கிறது. தெற்கே அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் பெங்கிரிப் புல்லைக் காய்ச்சிச் சிட்ரனெல்லா எண்ணெய் எடுத்து நூறு வருடத்துக்கு மேலாக ஏற்றுமதி செய்கிறார்கள். தேயிலையைப் பிடுங்கிய மலையில் மண் தேறுவதற்காக நம் கையாலேயே நடுகிற மானாப்புல் அந்தப் பெங்கிரிக்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான். கசக்கி மோந்து பாருங்கள். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்ட நம் சொந்தக்காரர் பலர் போய்ச் சேர்ந்த நீலகிரியில், மலையோரக் கொட்டகைகளில் யூக்கலிப்டஸ் இலையை அவித்து எண்ணெய் எடுப்பது நெடுநாள் தொழில். தமிழில் அந்த எண்ணெய்க்குப் பெயரே நீலகிரித் தைலம்.

இது எப்படி வேலை செய்கிறது? யூக்கலிப்டஸ் எண்ணெயின் பெரும்பகுதியான சினியோல் என்ற பொருள் தனியாகக் கொதிக்க 176 பாகை சூடு வேண்டும். நம் அடுப்பில் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. நுவரெலியா உயரத்தில் 94 பாகையிலேயே கொதித்துவிடும் (பருப்பு வேக நேரம் பிடிப்பது அதனால்தான்). பிறகு எண்ணெய் எப்படி வெளியே வருகிறது? எண்ணெயும் தண்ணீரும் கலவாதவை. கலவாத இரண்டின் ஆவியும் தனித்தனியே தள்ளும். இரண்டு தள்ளலும் சேர்ந்து வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டிவிட்டால் போதும், இரண்டும் கிளம்பிவிடும். அதனால் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கும் சற்றுக் கீழேயே எண்ணெய் நீராவியோடு வந்துவிடுகிறது. சாதாரண தர விஞ்ஞானத்தில் காய்ச்சி வடித்தலைப் படம் வரைந்து பெயர் குறிக்கிற நம் பிள்ளைகள், அந்தப் படத்தைப் பத்துப் புள்ளிக்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

பானைக்கு வருவோம். பழகுவதற்கு 50 லீற்றர் போதும். விட்டம் பதினாறு அங்குலம், உயரமும் அதேயளவு. கலியாண வீட்டுச் சோற்றுக்கு வைக்கிற எவர்சில்வர் அண்டாவோ, எவர்சில்வர் பால் கேனோ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கையில் கொண்டு போங்கள். 304 என்று சொல்லுகிற நல்ல வகையில் காந்தம் இறுக ஒட்டாது. குரோமியமும் நிக்கலும் சேர்ந்த அந்த வகைதான் இலையின் அமிலத்துக்குத் தாங்கும். இரும்புப் பீப்பாய் துருப்பிடித்து எண்ணெயைக் கறுப்பாக்கும், வாங்குகிறவன் விலையைக் குறைப்பான். நாகத்தகட்டின் பூச்சு கரைந்துபோகும். எவர்சில்வர் விலை கூடத்தான். ஆனால் பத்து வருடம் கிடக்கும், தேய்த்துக் கழுவினால் வாசம் போகும்.

பானைக்குள்ளே, அடியிலிருந்து ஐந்து அங்குலத்துக்கு மேலே, கால் வைத்த ஓட்டைத் தட்டு. இட்டலித் தட்டைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்குக் கீழே 12 லீற்றர் தண்ணீர், மேலே இலை. இலை தண்ணீரில் முட்டக் கூடாது, அடியில் பிடித்தால் கருகல் வாசம் எண்ணெயில் ஏறிவிடும். இலையை இறுக்கி அமுக்கவும் வேண்டாம், பொலபொலவென்று கொட்டவும் வேண்டாம். இறுக்கினால் நீராவி ஒரு பக்கமாக வழி பிடித்து ஓடிவிடும், மற்றப் பக்கத்து இலை பச்சையாகவே கிடக்கும்.

மூடியின் நடுவிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் எழுந்து, வளைந்து, அங்கிருந்து கடைசி வரைக்கும் கீழ்நோக்கியே போக வேண்டும். இடையில் ஓரிடத்திலும் தாழ்ந்து மறுபடி உயரக் கூடாது. தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி ஆவியை மறிக்கும். குழாயில் திருகுபிடி எதையும் பொருத்தவே கூடாது. இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும், ஆனால் நம் அச்சகத்துக்காரர் தடித்த எழுத்துக்குத் தனிக் காசு கேட்கிறார். இது குக்கர் அல்ல. இந்தப் பானைக்கு எப்போதும் ஒரு வாய் திறந்திருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் வெடிகுண்டு. மூடியின் விளிம்பைக் கோதுமை மாப் பசையால் பூசுங்கள். சாதாரண நேரத்தில் ஆவியைப் பிடித்து நிற்கும், உள்ளே அழுத்தம் ஏறினால் மாவு பிளந்து வழி விடும். இரப்பர் வாசரும் இறுக்கு ஆணியும் போட்டு மூடுவதைவிட அது நல்லது. குழாயை ஒட்டும் இடங்களில் ஈயப் பற்று வேண்டாம். ஆர்கன் வெல்டிங் செய்கிற பட்டறையில் கொடுங்கள்.

குளிர்விக்க வளையல் வளையலாகச் சுற்றிய குழாயைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். எவர்சில்வர்க் குழாயைக் கையால் சுற்ற முடியாது, உள்ளே அழுக்குப் பிடித்தால் துடைக்கவும் முடியாது. எங்களுக்குப் பிடித்தது பத்து அடி நீளமான ஒரே நேர்க்குழாய், ஓர் அங்குல அகலம். அதைச் சரிவாக ஒரு தொட்டிக்குள் கிடத்தி, மேலே தண்ணீர் ஓட விடுவது. குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்துவிடலாம். தண்ணீர் தொட்டியின் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வழிய வேண்டும். ஒரு லீற்றர் நீராவியைத் தண்ணீராக்கிக் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவரப் பன்னிரண்டு லீற்றர் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். சமவெளியில் இது பெரிய செலவு. மலையில் மேலே ஊற்று, கீழே லயம். குழாய் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் வரும். நமக்கு மலை கொடுத்த சில நன்மைகளில் இது ஒன்று.

கடைசியில் எண்ணெய் பிரிக்கிற பாத்திரம். உயரமான எவர்சில்வர்ச் செம்பு ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, அதிலிருந்து வெளியே ஒரு குழாயை வாய் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிவிட்டால் போதும். யூக்கலிப்டஸ், பெங்கிரி, எலுமிச்சைப் புல் எண்ணெய்கள் மோரில் வெண்ணெய் போல மேலே நிற்கும். அடித் தண்ணீர் குழாய் வழியாகத் தானே வழிந்துபோகும். கறுவா இலை எண்ணெய் மட்டும் தண்ணீரைவிடப் பாரம், அடியில் தங்கும்.

இனிக் கணக்கு. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். 50 லீற்றர்ப் பானையில் 7 கிலோ இலை போகும். நல்ல யூக்கலிப்டஸ் இலையில் நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்தால் ஓர் ஈடுக்கு 70 மில்லிலீற்றர். பெங்கிரியில் நம் நாட்டு வகை என்றால் அதில் பாதியும் வராது. ஓர் ஈடு முடிய இரண்டு மூன்று மணித்தியாலம். ஒரு நாளில் மூன்று ஈடு காய்ச்சினாலும் ஒரு சாராயப் போத்தல் நிறைய மூன்றரை நாள். திறந்த அடுப்பில் ஓர் ஈடுக்குப் பதினைந்து கிலோ விறகாவது பிடிக்கும். அந்த விறகு யார் தலையில் வரும்? மலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு விறகுக் கட்டைத் தூக்குகிற அதே தலையில்தான். ஒரு போத்தல் எண்ணெய்க்காக நூற்றைம்பது கிலோவுக்கு மேல் விறகைப் பெண்கள் சுமக்க வேண்டும் என்றால் அந்தத் திட்டம் நமக்கு வேண்டாம்.

ஆகவே அடுப்பைக் கல்லும் மண்ணும் வைத்துச் சுற்றி மூடிக் கட்டுங்கள், புகை போகக் குழாய் வையுங்கள். விறகு பாதியாகும். அவித்து முடிந்த இலையைக் கொட்டிவிடாமல் காய வையுங்கள். காய்ந்தால் அதுவே அடுத்த ஈடுக்குப் பாதி எரிபொருள். சின்னப் பானை பழகுவதற்கு மட்டுந்தான். பிழைப்புக்கு, டிவிசன் முழுவதும் சேர்ந்து போடுகிற 300 லீற்றர்ப் பானை வேண்டும். அதில் 50 கிலோ இலை போகும், ஈடுக்கு அரை லீற்றர் வரும். முதல் போத்தலை வடிக்கும் முன்னே வாங்குகிறவரிடம் விலையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தனி வீடு ஒன்று இதில் இறங்கினால் நட்டப்படும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

இலை யாருடையது? சண்டை இங்கேதான் வரும். மரம் கம்பனியுடையது. விழுந்த கொப்பைப் பொறுக்கிய பெண்ணைக் காவல்காரன் மறித்த கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஆனால் ஸ்டோர் அடுப்புக்கும் பலகைக்கும் யூக்கலிப்டஸைத் தறிக்கும்போது என்ன நடக்கிறது? கட்டை லொறியில் ஏறுகிறது, இலை மலையிலே காய்ந்து கிடக்கிறது. அந்த இலைக்குக் கம்பனிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு சதமும் எழுதப்படுவதில்லை. தறிக்கும் மரத்தின் இலை அந்த டிவிசன் தொழிலாளருக்கு என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும். பாதையோரத்திலும் கான் ஓரத்திலும் மண் சரிகிற இடங்களில் எலுமிச்சைப் புல் நட அனுமதி தர வேண்டும். புல்லின் வேர் மண்ணையும் பிடிக்கும், தோட்டத்துக்கே நன்மை. புதிதாக யூக்கலிப்டஸ் நடச் சொல்லி நாம் கேட்கவில்லை. அந்த மரம் வந்த பிறகு ஊற்று வற்றியது என்று பெரியவர்கள் சொல்லுகிற டிவிசன்கள் நம்மிடம் உண்டு.

நிர்வாகம் சிரித்துக்கொண்டே, ‘நாங்களே பானை போடுகிறோம், நீங்கள் வந்து வேலை செய்யுங்கள்’ என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் கொந்தரப்புக்கு இன்னொரு பெயர் வந்திருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். பானை மாதர் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், பற்றுச்சீட்டு அவர்கள் பெட்டியில் இருக்க வேண்டும். யாராவது நிறுவனம் இலவசமாகக் கொண்டுவந்து நாடா வெட்டித் திறந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழுது பார்க்கும் காசு எங்கிருந்து வரும் என்பதை நாடா வெட்டும் முன் கேளுங்கள். அப்படி வந்த தையல் மெசின்கள் எத்தனை தோட்டத்தில் சாக்கு மூடிக் கிடக்கின்றன!

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் சாராயம் வடிப்பதும், வடிப்பதற்கென்று பானை வைத்திருப்பதும் குற்றம். எவர்சில்வரில் காய்ச்சினால் கசிப்புச் சுத்தமாகிவிடும், சட்டமும் கண்ணை மூடிக்கொள்ளும் என்று யாரும் இதை வாசித்துவிட வேண்டாம். பானையைப் பார்த்தவுடனே பொலிஸார் வேறு நினைப்பு நினைப்பார்கள் என்பதால், பட்டறைக்குக் கொடுக்கும் முன்னமே கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், மதுவரித் திணைக்களம் நாலு இடத்துக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கொட்டகை பாதையோரத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரிய இருக்கட்டும். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

‘பகலில் இலை, இரவில் கோடா’ என்று ஆகிவிடாதா என்று ஒரு தலைவி எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. மூடிக்குப் பூட்டு, சாவி மாதர் சங்கத் தலைவியிடம், ஒவ்வோர் ஈடுக்கும் கொப்பியில் கணக்கு. அதற்கு மேல், யூக்கலிப்டஸ் காய்ச்சிய பானையை நன்றாகத் தேய்க்காமல் அதில் கசிப்பு வடித்தால், குடிக்கிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிக்க வேண்டும்.

அதே தலைவி இன்னொன்றும் கேட்டார்: கசிப்புக் காய்ச்சினவரைக் கொட்டகைக்குள் விடுவதா? விடத்தான் வேண்டும், முதல் ஆளாகக் கூப்பிட வேண்டும். எந்தத் தணலுக்கு எவ்வளவு ஆவி வரும், குழாய் முனையில் வருகிற சத்தம் மாறினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. எங்களிடம் படம் மட்டுமே இருக்கிறது. அவருக்கு நாள் கூலி போட்டுக் கொடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு அவர் பழக்கட்டும். அவர் மறுபடி பற்றைக்குள் போகமாட்டார் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை. பற்றைக்குள் போகாமல் இருக்க அவருக்கு ஒரு வழியாவது இருக்க வேண்டும் என்றுதான் சொல்லுகிறோம்.

எண்ணெய் வந்த பிறகும் கவனம் வேண்டும். யூக்கலிப்டஸ் எண்ணெய் மருந்துக் கடையில் விற்பதால் பச்சைத் தண்ணீர் போலக் கையாளக் கூடாது. சின்னப் பிள்ளை ஒரு தேக்கரண்டி குடித்தாலே வலிப்பு வரலாம். சளிக்கென்று கைக்குழந்தையின் மூக்கில், நெஞ்சில் தடவ வேண்டாம். எண்ணெய் நெருப்புப் பற்றும், ஆகவே பிரிக்கிற பாத்திரம் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. பத்தடிக் குழாயின் மறுமுனையில் அது இருப்பது அதற்காகவும்தான். பிளாஸ்டிக் போத்தலில் ஊற்ற வேண்டாம். நிறமுள்ள கண்ணாடிப் போத்தல், நிழலான இடம், பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் தட்டு.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று விபரம் எழுதி அனுப்ப வேண்டும். இந்த வருடம் எந்த நம்பர் மலையில் யூக்கலிப்டஸ் தறிக்கக் குறி போட்டிருக்கிறார்கள்? எந்த லயத்துக்கு மேலே வருடம் முழுவதும் வற்றாத தண்ணீர் இருக்கிறது? கொழும்பிலோ கண்டியிலோ பட்டறையில் நின்று ஆர்கன் வெல்டிங் பழகிய நம் பிள்ளை யார், அவர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாரா? தலைவரும் தலைவியும் கையெழுத்து வைத்து, அடுத்த மாதம் 10 ஆந் திகதிக்கு முன் மாவட்டக் காரியாலயத்துக்குக் கிடைக்கச் செய்யுங்கள். இலை பற்றிய கோரிக்கைக் கடிதத்தை அந்த விபரத்தோடு நிர்வாகங்களுக்கு அனுப்புவோம்.